அறுபது தப்படி தூரத்தில் ஒரு சந்தேகம்

இது நடந்தது. இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. பென்சில்வேனியா மலைச்சரிவுகளில் துப்பாக்கி தூக்கிய மனிதர்களிலேயே, வேட்டை மிருகத்தின் மனதை வெர்ன் ஹோஸ்டெட்டர் அளவுக்கு ஆழமாகப் படித்தவர் யாரும் இதுவரை பிறக்கவில்லை. அப்பேர்ப்பட்டவருக்கே நேர்ந்தது என்பதால்தான் இதைச் சொல்லத் துணிகிறேன்.

மிருகத்தின் மனதைப் படித்தவர் என்பது அவரே சொல்லிக்கொண்டது. மிருகங்கள் எதுவும் அதை உறுதிசெய்யவில்லை.

வெர்னுக்கு அறுபத்தொரு வயது. எங்கள் ஊரான கெல்லர்ஸ் ரன்னில் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். ஊர் வேட்டைச் சங்கத்தில் மொத்தம் ஆறு பேர். அதில் வெர்னின் பதவி 'களத் திட்ட இயக்குநர்'. பதவியை உருவாக்கியவரும் அவரே. அவர் வீட்டு கராஜில் ஒரு கோயோட்டி பாடம் செய்து நிறுத்தப்பட்டிருந்தது. நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி என்று சொல்லத்தக்க அந்த மிருகம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். பதினாலாம் நம்பர் பேருந்தில் அடிபட்டுச் செத்தது அது.

வெர்னின் வாழ்நாள் கனவு, மேற்கே உள்ள வயோமிங் மாநிலம். அங்கே போய்க் கோயோட்டி வேட்டையாட வேண்டும். அதற்காகப் பதினாலு வருஷமாகத் திட்டம் போட்டுவந்தார். பச்சை அட்டை போட்ட ஒரு கனமான ஃபைல். உள்ளே வெளிமாநிலத்தாருக்கான விதிகள், காற்று அட்டவணை, பெட்ரோல் போடும் இடங்கள், எந்த நாளில் எந்த ஜோடி காலுறை. எல்லாம் லாமினேட் செய்யப்பட்டவை. மழையில் நனைந்தாலும் அந்தப் பயணம் அழியாது. போனதுதான் இல்லை. ஒரு வருஷம் முதுகு. ஒரு வருஷம் பனி. ஒரு வருஷம் மைத்துனி கல்யாணம். அவளுக்கே அது மூன்றாவது.

புத்தாண்டு அன்று தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் சங்கத்து விருந்து. பன்றிக்கறியும் புளிக்கவைத்த முட்டைக்கோசும். சாப்பிட்டு முடித்த கையோடு வெர்ன் எழுந்து இந்த வருஷத் திட்டத்தை விளக்க ஆரம்பித்தார். அவருடைய நாற்பது வருஷக் கூட்டாளி பாய்ட் க்ரைடர் முள்கரண்டியை மேசையில் வைத்தார்.

"யோவ் வெர்ன். போதும்யா. பதினாலு வருஷமா நீ வயோமிங் போறே. நான் கடைக்குப் போயிட்டு வந்தேன்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்ற மாதிரி, போகாமயே போயிட்டு வர்றே."

"திட்டம் போடறவனுக்குத்தான்டா அதோட கஷ்டம் தெரியும்."

"சரி, இந்த வருஷம் ஒரு தோல். ஒரே ஒரு கோயோட்டித் தோல். கொண்டுவந்து இந்த மேசைல போடு. இல்லேன்னா அந்தப் பச்சை ஃபைல என்கிட்ட குடுத்துடு. திட்ட இயக்குநர் நான்தான்."

 யாரோ முட்டைக்கோசை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"குடுக்கறேன்டா," என்றார் வெர்ன். "ஆனா தோலோடதான் வருவேன். நீயும் கூட வா. உன் கண்ணாலயே பாரு."

அந்த நொடியிலிருந்து அந்த ஃபைல்தான் அவர் உயிர். அதில்லாத வெர்னை ஊரில் யாரும் பார்த்ததில்லை, வெர்னும் பார்த்ததில்லை.

அயலூரில் வேட்டைக்குப் போகிறவன் முதலில் செய்ய வேண்டியது, நிலத்துக்காரனிடம் அனுமதி வாங்குவது. இப்போதெல்லாம் எந்த நிலம் யாருடையது என்பதைக் கைப்பேசியே காட்டிவிடுகிறது. பொடிப்பயல்களுக்கெல்லாம் அது போதும். வெர்னுக்குப் போதாது. பழம்பொருள் சந்தையில் அவர் ஒரு புத்தகம் பிடித்துவைத்திருந்தார். வயோமிங்கில் ஒரு மாவட்டம் 1983இல் அச்சிட்ட நிலப் புத்தகம் அது. பக்கமெல்லாம் சதுரங்கள், சதுரத்துக்குள் சொந்தக்காரன் பெயர், அடியில் தொலைபேசி எண். "அச்சுல ஏறினது பொய் சொல்லாது" என்று அதையே நம்பினார்.

நாற்பத்தொரு எண்களுக்குப் போன் போட்டார். முப்பத்தொன்பது எண்கள் உபயோகத்தில் இல்லை. நாற்பதாவது ஒரு பல் மருத்துவமனை.

நாற்பத்தொன்றாவது, முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை 7.10.

பக்கம் இருபத்தாறு, சதுரம் இருபத்திரண்டு. பெயர் ஆரின் டீக். குரல் மெல்லியது, வறண்டது. பின்னால் காற்று அடிக்கிற சத்தம். வெர்ன் தன் பெயரையும் பதவியையும் சொன்னார்.

"இயக்குநரா?" என்றது குரல். "அப்ப உங்களுக்கு இதப்பத்தி நிறையத் தெரியும் போல, சார்."

வெர்ன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை.

"ஏதோ கொஞ்சம் தெரியும்."

"ஒரு சந்தேகம், சார். மிருகத்தக் கூப்பிடற ஒலிப்பெட்டிய நாம பக்கத்துலயே வெச்சுக்கலாமா?"

"கூடவே கூடாது! அறுபது தப்படி தள்ளி வைக்கணும். வர்றது சத்தம் வர்ற இடத்தத்தான் பாக்கும். உங்களப் பாக்காது."

மறுமுனையில் சற்று நேரம் காற்று மட்டும்.

"நல்லா இருக்கு," என்றது குரல். "இது எனக்குத் தோணவே இல்ல."

அன்று நாற்பது நிமிடம் பேசினார். அடுத்த ஞாயிறும் 7.10க்குப் போட்டார். அதற்கடுத்த ஞாயிறும். அனுமதி முதல் நாளே கிடைத்துவிட்டது. ஆனால் ஆரின் டீக்குக்குச் சந்தேகம் தீரவில்லை.

"எந்தச் சத்தத்துக்கு வரும், சார்?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொண்ணுக்கு வரும். ஒண்ணு பசிக்கு வரும், ஒண்ணு பொறாமைக்கு வரும். அதுக்கு என்ன வேணும்னு முதல்ல கண்டுபிடிக்கணும்."

"எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"நீங்க சும்மா கேட்டுக்கிட்டே இருங்க. அதுவே காட்டிக் குடுத்துடும்."

எங்கோ பென்சில் கீறுகிற மாதிரி ஒரு சத்தம். குறிப்பெடுக்கிறான்! வெர்னுக்குக் கண் கலங்கியது. முதலில் சத்தம் சின்னதாக இருக்க வேண்டும், போகப் போகக் கூட்ட வேண்டும் என்று சொன்னார். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் சரியாக நாற்பத்தைந்து நொடி விட வேண்டும் என்றார். வருகிற மிருகம் நேராக வராது, காற்று அதன் மூக்கில் படுகிற பக்கமாகச் சுற்றித்தான் வரும். அந்தப் பக்கத்தில் போய் அசையாமல் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்றார்.

"எப்ப சுடணும், சார்?"

"கிட்ட வந்ததும் ஒரு நொடி தலையத் தூக்கும். அப்ப."

நாலாவது ஞாயிறு, ரிசீவரை வைத்துவிட்டு அவர் திரும்பியபோது, மனைவி லூயெல்லா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"யார்கிட்ட பேசறே?"

"ஆரின்கிட்ட. வயோமிங்."

"சமையல்கட்டு போன எடுத்துக் கேட்டேன். இருபது நிமிஷம் கேட்டேன், வெர்ன். நீ மட்டும்தான் பேசிட்டிருந்தே. அந்தப் பக்கம் யாரும் இல்ல."

"அவன் கேட்டுக்கிட்டிருந்தான். சிலபேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. நீயும் கத்துக்கலாம்."

 "போகாதயேன்," என்றாள் லூயெல்லா. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். போகாதே என்றால் வெர்ன் போவார்.

"பதினாலு வருஷம் போகலேன்னு சிரிச்சீங்க. இப்ப போறேன்னா பயப்படறீங்க. நான் போறேன். பனி விழட்டும், பாறை விழட்டும்."

கடைசி அழைப்பில் ஆரின் டீக் வழி சொன்னான். ட்ரை ஃபோர்க் ஊரைத் தாண்டிப் பன்னிரண்டு மைல். இரும்புக் கேட் திறந்தே இருக்கும். எரிந்துபோன வீட்டின் புகைபோக்கி தெரியும்.

"நீங்க உட்கார வேண்டிய இடத்த நானே பார்த்து வெச்சுட்டேன், சார்."

"நீங்க வருவீங்கல்ல?"

"நான் அங்கதான் இருப்பேன். இருக்கறது தெரியாது."

அந்தக் குரல் இப்போது முதல் ஞாயிறைவிட உரக்கக் கேட்டது. லைன் சரியாகிவிட்டது என்று நினைத்தார் வெர்ன்.

பிப்ரவரி பதினொன்று. இருபத்தெட்டு மணி நேரம் வண்டி ஓட்டி, ட்ரை ஃபோர்க்கில் ஒரு மோட்டலில் நாலு மணி நேரம் படுத்து, இருட்டோடு கிளம்பினார்கள். சுழியத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. வழியெல்லாம் வெர்ன் விதிகளை வாசித்தார். விதி ஒன்று: களத்தில் சத்தம் கூடாது. கதவை அறையக் கூடாது, இருமக் கூடாது, ஹாரன் என்ற பேச்சே கூடாது.

"மூச்சு விடலாமா?" என்றார் பாய்ட்.

"மூக்கால விடு."

காலை 6.12. கேட் திறந்திருந்தது. நேற்று ராத்திரி பனி விழுந்திருந்தது. கேட்டைத் திறந்தவன் காலடி எங்கும் இல்லை.

"யாருய்யா திறந்தது?"

"ஆரின். விடியறதுக்கு முன்னாடி வந்திருப்பான்."

"பறந்தா?"

வெர்ன் பாய்டை மேட்டில், வண்டியிலேயே இருக்கச் சொன்னார். உயரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. பையைத் தோளில் மாட்டி, ரைஃபிள், மடக்கு ஸ்டூல், ஒலிப்பெட்டி மூன்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பள்ளத்தில் அந்தப் புகைபோக்கி மட்டும் நின்றது. வீடு இல்லை. சுற்றிலும் இடுப்புயரத்துக்குச் சேஜ் என்ற சாம்பல் நிறப் புதர்.

6.27. இடத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கும் முழங்கால் பனி. அந்த ஒரு இடத்தில் மட்டும் பனி இல்லை. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு வட்டமாக, காய்ந்த புல். கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார்.

தரை வெதுவெதுப்பாக இருந்தது.

எழுந்துவிடலாமா என்று தோன்றியது. மேட்டில் பாய்ட் பைனாகுலரோடு இருப்பது நினைவுக்கு வந்தது. ஸ்டூலை விரித்து உட்கார்ந்தார்.

6.31. காற்று பிடரியில் அடித்தது. அது தப்பு. பிடரியில் காற்றடிக்க உட்காருகிறவன் முட்டாள் என்று ஃபைலில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தார். அவருடைய வாசனை முழுக்க முன்னால் போய்க்கொண்டிருந்தது... அந்தப் புகைபோக்கியைப் பார்த்து.

அது எத்தனை தூரம் என்று கண்ணால் அளந்தார்.

அறுபது தப்படி.

6.38. கையிலிருந்த பொத்தானை அழுத்தினார். வலதுபக்கம் தள்ளி வைத்திருந்த ஒலிப்பெட்டி, அடிபட்ட முயலின் குரலில் கத்தியது. வீல்... வீல்... வீல்...

6.40. பாதிக் கத்தலில் நின்றது. மறுபடி அழுத்தினார். இல்லை. மறுபடி. இல்லை.

காற்று பிடரியில் பட்டது. ஆனால் அதன் சத்தம் கேட்கவில்லை.

6.43.

புகைபோக்கியின் அடியில்... 'டிக்'.

பிறகு மிக மெல்ல...

"வெர்ன்... சார்... ஒரு சந்தேகம்."

வெர்னுக்கு முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். ஆரின் வந்துவிட்டான்! களத்தில் பேசக் கூடாதுதான். ஆனால் கேட்டவனுக்குச் சொல்லாமல் எப்படி?

"என்ன?" என்று கிசுகிசுத்தார்.

பதில் இல்லை. பனியும் இருட்டும். கைக்கடிகாரத்தின் முள் மட்டும் நகர்ந்தது.

'டிக்'.

"சரியாக் கேக்கல, சார்... கிட்ட வந்து சொல்லுங்களேன்."

எழுந்தார். ரைஃபிளை எப்போது கீழே வைத்தார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

நேராகப் போகவில்லை. ஏனோ, சுற்றிப் போனால்தான் சரி என்று பட்டது. இடதுபக்கமாக, புதரோரமாக. புகைபோக்கியைச் சுற்றி... அதன் பின்பக்கத்துக்கு... காற்று மூக்கில் படுகிற பக்கத்துக்கு.

6.48.

'டிக்'.

"நீங்க சொன்னா நல்லாப் புரியுது, சார்..."

இப்போது கொஞ்சம் உரக்க.

நடுவில் எத்தனை நொடி என்று அவர் மனசு தானாகவே எண்ணியது. நாற்பத்துமூன்று... நாற்பத்துநான்கு...

'டிக்'.

"உங்கள மாதிரி யாரும் எனக்குச் சொல்லிக் குடுத்ததில்ல..."

இன்னும் உரக்க.

நாற்பத்தைந்து நொடி. சத்தம் கூடிக்கொண்டே வருகிறது. அறுபது தப்படி. பிடரியில் காற்று.

வெர்னுக்குப் புரிந்துவிட்டது.

எல்லாம் அவர் சொன்னது. ஒன்று விடாமல்.

புரிந்தும் கால் நிற்கவில்லை. அதுதான் பயங்கரம். இழுத்தது யாருமில்லை. அவருக்கே பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது. தொண்டையில் பதில் முட்டிக்கொண்டு நின்றது.

6.53.

கரி வாசனை.

ஈரத் துணி வாசனை.

அவர் தலையைத் தூக்கினார்...

ஒரு நொடி...

பாஆஆஆம்!

மேட்டிலிருந்து ஹாரன். விடாமல். பள்ளமே அதிர்ந்தது.

வெர்னின் உடம்பில் ரத்தம் கொதித்து ஏறியது. ஹாரன்! களத்தில்! விதி ஒன்று! பேய், பிசாசு, ஆரின் டீக் எல்லாம் அந்த நொடியில் அவருக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டன. பதினாலு வருஷத் திட்டத்தின் முதல் விதியை ஒருவன் காலில் போட்டு மிதித்திருக்கிறான்.

"எந்த மடையன்டா அது!" என்று கத்திக்கொண்டே திரும்பினார். "அறிவிருக்காடா உனக்கு! லாமினேட் பண்ணி வேற குடுத்தேனேடா!"

முழங்கால் பனியில் மேட்டைப் பார்த்து ஏறினார். பின்னால் 'டிக்'.

"வெர்ன்? சார்?"

அவர் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு சந்தேகத்தைக் காதில் வாங்கிக்கொண்டு விளக்கம் சொல்லாமல் நடந்தார்.

"நீயே கண்டுபிடிச்சுக்கோ!" என்று கத்தினார். "நான் சொல்லிக் குடுத்தத என்கிட்டயே காட்டறியா? என் கையால கத்துக்கிட்டு எனக்கே வலை விரிக்கறியா? போடா!"

 பிறகு காற்றின் சத்தம் திரும்பி வந்தது.

வண்டியில் பாய்ட் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"எதுக்குடா ஹாரன் அடிச்சே?"

"காபி ஃபிளாஸ்க் உன் பையில இருந்துது," என்றார் பாய்ட். "ஏறு."

"துப்பாக்கிய விட்டுட்டேன்..."

"ஏறுய்யா!"

8.20க்கு ட்ரை ஃபோர்க் ஷெரிப் அலுவலகம். விட்டுவந்த துப்பாக்கியைப் பற்றிச் சொல்லித்தானே ஆக வேண்டும். மார்சி லண்ட் என்ற பெண் அதிகாரி மேசையில் முட்டை ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"அந்த நிலத்துல இறங்க யாரு அனுமதி குடுத்தா?"

"ஆரின் டீக்."

அவள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. சலித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"போன்லயா?"

"ஆமா."

"நிறைய சந்தேகம் கேட்டானா?"

 பாய்ட் வெர்னைப் பார்த்தார்.

மார்சி எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்தாள். அதே 1983 நிலப் புத்தகம். பக்கம் இருபத்தாறை விரித்து, வெர்ன் கொண்டுவந்திருந்த புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லாச் சதுரமும் ஒன்றுபோலவே இருந்தன. இருபத்திரண்டைத் தவிர. வெர்னின் புத்தகத்தில் பெயரும் எண்ணும் அச்சாகியிருந்தன. அவளுடையதில் அந்தச் சதுரம் வெறுமை.

"டீக்னு இந்த மாவட்டத்துல ஒருத்தனும் இருந்ததில்ல. அந்த வீடு எரிஞ்சது அறுபத்தெட்டுல. அந்தப் பள்ளத்துக்குப் போன் கம்பி போனதே இல்ல."

பின்கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். ஆணியில் நாலு மடக்கு ஸ்டூல்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. மிச்சிகன், 1991. ஒஹையோ, 1998. இந்தியானா, 2006. மறுபடி ஒஹையோ.

"ஆளுங்க?" என்றார் பாய்ட்.

"ரெண்டு பேரு கெடைக்கல. ரெண்டு பேரு கெடைச்சாங்க. புகைபோக்கிக்குப் பின்னாடி, பனில உறைஞ்சு." அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். "வாய் திறந்தபடி இருந்துது. ஒரு விரல் இப்படித் தூக்கினபடி. யாருக்கோ ஏதோ விளக்கிட்டிருந்த மாதிரி."

வெர்ன் தன் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"துப்பாக்கிய மத்தியானம் போய் எடுத்து அனுப்பறேன்," என்றாள் மார்சி. "காலைல நாங்க யாரும் அங்க போறதில்ல. உங்க ஸ்டூல் மட்டும் இங்கயே தொங்கட்டும்."

நெப்ராஸ்கா எல்லை தாண்டியதும் பாய்ட் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"காபிக்காக ஹாரன் அடிக்கல."

"தெரியும்."

"உனக்குத் தெரியாது. வெர்ன், நீ நாலு கால்ல போயிட்டிருந்தே."

வெர்ன் அவர் பக்கம் திரும்பினார்.

"கையும் முழங்காலும் ஊணி. நாலடிக்கு ஒருதரம் நின்னு மூக்கத் தூக்கினே. உனக்கு முன்னாடி, இருபது தப்படில, புதருக்குள்ள ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அசையவே இல்ல. நீ தலையத் தூக்கினே பாரு... அப்ப அவன் கையத் தூக்கினான்."

வெர்ன் ஹீட்டரைக் கூட்டிவைத்தார்.

"அவன் உட்கார்ந்திருந்த விதம் சரியா இருந்துதா?" என்று கேட்டார் வெர்ன்.



அடுத்த வாரம் சங்கம் கூடியது. தோல் இல்லை. வெர்ன் எதையும் மறைக்கவில்லை. நிமிர்ந்து நின்று முழுவதையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளை, வெதுவெதுப்பான தரையை, நாலு காலில் போனதையும்கூட. ஒருவர் சிரித்தார். "சிரிங்கடா," என்றார் வெர்ன். "நான் போனேன். பயந்தேன். ஆனா வரமாட்டேன்னு அது மூஞ்சிலயே சொல்லிட்டு வந்தேன். உங்கள்ல எவன் சொல்லுவான்?" சிரிப்பு நின்றது. பிறகு பச்சை ஃபைலை எடுத்து பாய்டின் முன்னால் வைத்தார்.  வாக்கு வாக்குதான்.

பாய்ட் அதை ஒரு விரலால் திருப்பித் தள்ளினார்.

"நீயே வெச்சுக்கய்யா. அதுல இருக்கறதெல்லாம் இப்ப அதுக்கும் தெரியும். எனக்கு வேண்டாம்."

ஆக, ஃபைல் பிழைத்தது. வெர்ன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

லூயெல்லா போன் எண்ணை மாற்றிவிடலாம் என்றாள். "நான் எதுக்கு மாத்தணும்?" என்றார். "முப்பத்திரெண்டு வருஷமா இது என் நம்பர். வேணும்னா அது மாத்திக்கட்டும். நான் எவனுக்கும் பயந்தவன் இல்ல." ஆனாலும், ஒருவேளை கூப்பிட்டால் சொல்வதற்கு என்று இரண்டு வரி எழுதி, லாமினேட் செய்து, போன் பக்கத்தில் ஒட்டிவைத்தார். கூப்பிட வாய்ப்பே இல்லை. இத்தனை நாளும் போன் போட்டது அவர்தான். தன் எண்ணை ஒருநாளும் கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மாலை 7.10.

போன் அடித்தது.

லூயெல்லா சமையலறையில் கையைத் துடைத்தபடி உறைந்து நின்றாள். வெர்ன் முதல் மணியிலேயே எடுத்தார். முதுகை நிமிர்த்தி, அட்டையைப் பார்த்து, ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தார்.

"இனிமே இங்க கூப்பிடாதே. உன் சத்தத்துக்கு ஓடி வர்ற மிருகம் நான் இல்ல."

மறுமுனையில் காற்று.

பத்து நொடி... இருபது... நாற்பது...

'டிக்'.

"சரி, சார். நீங்க சொன்னபடியேதான் எல்லாம் செஞ்சேன்... நான் எங்க தப்பு பண்ணேன்?"

வெர்ன் ரிசீவரை வைக்கக் கையைக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. காலால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த அழைப்பு ஐம்பத்திரண்டு நிமிடம் நீடித்தது.